முள்ளு இல்லையா, நீ பாக்கலையா?

மூணு வருஷமா ஒரு நியூரான், அதாவது ஒரு நரம்பு செல்லு, என் மண்டையை விட்டு போக மாட்டேங்குது. சொந்த நியூரான் இல்ல, ஒரு எலியோடது, அந்த எலியும் எப்பவோ போய் சேந்துருச்சு. லேப் ஷீட்ல அதுக்கு பேரு செல் 31. நான் ஒரு நியூரோசயின்ஸ் லேப்ல ரெண்டு வருஷம் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்டா இருந்தேன். வீட்ல யாராவது கேட்டா அம்மா "மூளை ஆராய்ச்சி பண்றான்"னு சொல்லிக்குவாங்க, உண்மைல நான் பண்ணது படம் வரையறது. காலைல பத்து மணிக்கு மைக்ராஸ்கோப் முன்னாடி உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் ஒரே ஒரு செல்லோட கிளைகளை மவுஸால புடிச்சு புடிச்சு கம்ப்யூட்டர்ல இழுத்துட்டு இருப்பேன், ஒரு நல்ல செல்லு முடிக்க ரெண்டு நாள் ஆகும். கழுத்து போச்சு, கண்ணு போச்சு, ஆனா இதுவரைக்கும் நான் பாத்த வேலைலயே எனக்கு புடிச்ச வேலை அதுதான்.

நாங்க பாத்த இடம் ஸ்ட்ரையேட்டம். முன்மூளைல கார்ட்டெக்ஸுக்கு, அதாவது மூளையோட மேல்பரப்புக்கு, அடியில கெடக்கற பெரிய கட்டி. உள்ள வெள்ளை நார்க்கட்டுங்க கோடு கோடா ஓடறதால 1664ல தாமஸ் வில்லிஸ் வெச்ச பேரு, கோடு போட்டதுன்னு அர்த்தம். அதாவது வெட்டிப் பாத்தப்ப கண்ணுக்கு எது பட்டுச்சோ அதையே பேரா வெச்சுட்டாரு. இந்த துறையோட வழக்கமே அப்படித்தான், அதுதான் இந்த பதிவோட பிரச்சனையும். கார்ட்டெக்ஸ்ல நியூரான் வகைன்னு ஆரம்பிச்சா சண்டை ஓயாது, பிரமிட் செல், கூடை செல், சாண்டலியர் செல்னு பேரு போய்க்கிட்டே இருக்கும். ஸ்ட்ரையேட்டத்துல பெட்டி கம்மி. எலியில நூத்துக்கு 95 செல்லு ஒரே வகை, மீடியம் ஸ்பைனி நியூரான், சைஸு நடுத்தரம், உடம்பு முழுக்க முள்ளு, நேரா பேரு வெச்சுட்டாங்க. மிச்சம் அஞ்சுல ஒண்ணோ ரெண்டோ அசிடைல்கோலின்ங்கற நரம்பு ரசாயனத்தை செய்யற பெரிய செல்லு. அதுக்கப்புறம் முள்ளில்லாத, வழவழப்பான கிளை இருக்கற நடுத்தர செல்லுங்க கொஞ்சம், அதுலயே உள்பிரிவு நாலஞ்சு. இவங்க எல்லாம் இன்டர்நியூரான், உள்ளூர்லயே பேசிக்கறவங்க, ஆக்ஸான், அதாவது செய்தியை வெளிய கொண்டு போற கம்பி, ஊரை விட்டு வெளிய போகாது.

முள்ளுன்னு நான் சொல்றது டென்ட்ரைட், அதாவது செய்தி வாங்கற கிளை, மேல முளைச்சிருக்கற குட்டி குட்டி மொட்டு. ஒரு மைக்ரான், மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு, அளவுதான் இருக்கும். வெளிலேந்து வர்ற நரம்பு முனை பெரும்பாலும் அங்கதான் வந்து ஒட்டும். நூறு எக்ஸ் லென்ஸ்ல எண்ணெய் விட்டு ஃபோகஸை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே பாக்கணும், பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருக்கற முள்ளு நல்லா தெரியும், நேரா நம்மள பாத்து நிக்கற முள்ளு டென்ட்ரைட்டோட கருப்புலயே மறைஞ்சுரும். சோ எண்ணும்போதே பாதி தெரியாதுன்னு தெரிஞ்சுதான் எண்றோம்.

எங்க லேப்ல செல்லு எப்படி வரும்னா, மூளையை 300 மைக்ரான் தடிமன்ல சீவி உயிரோட வெச்சிருப்பாங்க, ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயை செல்லு மேல ஒட்ட வெச்சு அதோட மின்சாரத்தை பதிவு பண்ணுவாங்க, அந்த குழாய்லயே பயோசைட்டின்னு ஒண்ணு கலந்து விட்டா பதிவு நடக்க நடக்க அது செல்லுக்குள்ள இறங்கி கிளை நுனி வரைக்கும் போகும். அப்புறம் சாயம் ஏத்தினா மொத்த மரமும் கரும்பழுப்பா எழுந்து நிக்கும். முதல் தடவை அதை பாத்தப்ப நான் டீ குடிக்க மறந்துட்டேன், சும்மா சொல்லல. பதிவு பண்றது வேற ஆளு, வரையறது நான். அந்த செல்லு மின்சாரத்துல எப்படி நடந்துகிச்சுன்னு எனக்கு சொல்ல மாட்டாங்க, சொன்னா கை அதுக்கேத்த மாதிரி வரைஞ்சுரும்னு. நான் உருவத்தை மட்டும் பாத்து பெட்டில போடணும், மாசக் கடைசில ரெண்டு ஷீட்டையும் பக்கத்துல வெச்சு பாப்போம்.

செல் 31 வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சோமா, அதாவது செல்லோட உடம்பு, 14 மைக்ரான், உருண்டை, நடுத்தரம். நாலு டென்ட்ரைட் கிளம்புது, நாலும் வழவழன்னு இருக்கு, ஒரு முள்ளு கூட இல்ல. பெரிய மரம் கெடையாது, சின்னதுதான், ரெண்டு கிளை சீக்கிரமே முடிஞ்சுருச்சு. ஆக்ஸான் ஒரு துண்டு தெரியுது, அதுவும் செல்லு பக்கத்துலயே கிளை விட்டு நின்னு போச்சு. எனக்கு சந்தோஷம் தாங்கல. ஸ்பைனி செல்லா வரைஞ்சு தள்ளினவனுக்கு ஒரு இன்டர்நியூரான் கெடைக்கறது சாதாரணமா என்ன, கெழங்கா வறுத்துத் தின்னவனுக்கு மீன் வறுவல் வந்த மாதிரி. "முள்ளற்ற இன்டர்நியூரான், நடுத்தரம்"னு ஷீட்ல போட்டு, பக்கத்துல "உறுதி"ன்னும் போட்டேன். அந்த "உறுதி" கட்டம் நானா சேத்தது, யாரும் கேக்கல.

எவ்ளோ தூரம் பாத்த?

மாசக் கடைசி மீட்டிங்ல ரெண்டு ஷீட்டையும் போட்டாங்க. 31க்கு எதிர்ல மின்சார ஷீட்ல மீடியம் ஸ்பைனின்னு இருக்கு. அதுல டவுட்டே வராது, ஏன்னா அந்த செல்லு ரெஸ்ட்ல மைனஸ் 80 மில்லிவோல்ட்டுக்கு பக்கத்துல ஆழமா படுத்துக் கெடக்கும், கரண்ட் குடுத்தா உடனே எந்திரிக்காது, மெதுவா மெதுவா ஏறி ரொம்ப லேட்டாதான் முதல் ஸ்பைக்கு, அதாவது மின் துடிப்பு, அடிக்கும், காலைல ஸ்கூலுக்கு எழுப்புற பையன் மாதிரி. முள்ளில்லாத வேக இன்டர்நியூரான் அப்படி கெடையாது, எழுந்துட்டா கடகடன்னு அடிச்சுத் தள்ளிரும். நான் விடல. ஸ்லைடு மாறிருக்கும்னேன், லேபிள் தப்பா ஒட்டிருப்பாங்கன்னேன். எங்க சீனியர் அக்கா, போஸ்ட்டாக், எதுக்கும் குரல் உசத்தாதவங்க, ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்ல வெச்சு ஒரு பத்து நிமிஷம் ஒண்ணும் பேசாம பாத்தாங்க. அப்புறம் ஒரே கேள்வி. "தம்பி, முள்ளு இல்லன்னு எவ்ளோ தூரம் பாத்துட்டு சொன்ன?"

எனக்கு கேள்வியே புரியல. இருக்கற கிளை எல்லாத்தையும் பாத்துட்டேன்னு சொன்னேன். அவங்க அளக்க சொன்னாங்க. அளந்தா, தெளிவா சாயம் ஏறின தூரம் ஒரு கிளைல 15 மைக்ரான், இன்னொண்ணுல 18, அதிகபட்சம் 22. மீடியம் ஸ்பைனி நியூரானுக்கு சோமாவுலேந்து முதல் 20 மைக்ரான் சுமாருக்கு முள்ளே இருக்காது, அது பாடப்புத்தகத்துல முதல் பக்கத்துல இருக்கற விஷயம், நானே பரிட்சைல எழுதிருக்கேன். அதுக்கப்புறம்தான் முள்ளு அடர்த்தியா ஆரம்பிக்கும், கிளை நுனி 150, 200 மைக்ரான் வரைக்கும் போகும். ரெக்கார்டிங் புக்கை எடுத்துப் பாத்தா, அந்த செல்லு குழாய் ஒட்டி அஞ்சு நிமிஷத்துலயே செத்துருக்கு, சாயம் தூரமா போறதுக்கு நேரமே கெடைக்கல, போதாததுக்கு செல்லு சீவலோட மேல்பக்கம் இருந்திருக்கு, ரெண்டு கிளையை கத்தியே வெட்டிருச்சு. மரத்தோட அடித்தண்டை மட்டும் பாத்துட்டு இந்த மரத்துக்கு இலையே கெடையாதுன்னு எழுதி, பக்கத்துல உறுதின்னு கையெழுத்தும் போட்டிருக்கேன்.

அக்கா திட்டல. "முள்ளு இல்லங்கறது ஒண்ணு, நீ பாக்கலங்கறது ஒண்ணு, ஷீட்ல ரெண்டுக்கும் ஒரே கட்டம் இருக்கு பாரு"ன்னாங்க. அவ்ளோதான், அடுத்த செல்லுக்கு போயிட்டாங்க. எனக்குத்தான் அன்னிக்கு சாப்பாடு இறங்கல. தப்பு பண்ணது பிரச்சனை இல்ல, ட்ரேஸிங்ல தப்பு தினமும் நடக்கும். தெரியாததை தெரிஞ்சதா எழுதினதுக்கு என் கண்ணு முழு ஒத்துழைப்பு குடுத்துச்சு, அந்த செல்லை பாத்தப்ப எனக்கு நெஜமாவே ஒரு முழு இன்டர்நியூரான் தெரிஞ்சுது, பாதியா இருக்குன்னு தோணவே இல்ல, அதுதான் உறுத்துச்சு.

பெரியவங்க பண்ண அதே தப்பு

அதுக்கப்புறம் கொஞ்ச நாள் பழைய பேப்பரா தேடித் தேடி படிச்சேன், ஆறுதலுக்குன்னு வெச்சுக்கோங்களேன். ஆறுதல் நெறையவே கெடைச்சுது.

1873ல கமில்லோ கோல்ஜி, ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரி கிச்சன்ல உக்காந்து, பொட்டாசியம் டைக்ரோமேட்டும் சில்வர் நைட்ரேட்டும் வெச்சு நியூரானை கருப்பாக்கற வித்தையை கண்டுபுடிச்சாரு. அந்த சாயத்தோட அழகே அது எல்லா செல்லையும் புடிக்காதுங்கறதுதான், நூத்துல ஏதோ ஒண்ணு ரெண்டு, அதனாலதான் காட்டுக்குள்ள ஒரு மரம் தனியா தெரியுது. ஆனா புடிச்ச செல்லுலயும் எல்லா பாகத்தையும் புடிக்கும்னு கியாரண்டி கெடையாது, முக்கியமா வளந்த விலங்குல மயலின்ங்கற கொழுப்பு உறை போத்தின ஆக்ஸானுக்குள்ள வெள்ளி இறங்காது, பாதி வழியில கோடு நின்னுரும். ஸ்பெயின்ல இதே சாயத்தை வெச்சு வேலை பாத்த கஹால் இதை நல்லா புரிஞ்சுகிட்டவரு, அதனாலதான் உறை வர்றதுக்கு முன்னாடி இருக்கற கருவையும் குட்டிங்களையும் எடுத்து வேலை பாத்தாரு. ரெண்டு பேருக்கும் 1906ல சேத்து நோபல் குடுத்தாங்க, நியூரான் ஒவ்வொண்ணும் தனித்தனி செல்லுன்னு கஹால் சொன்னதை கோல்ஜி மேடைலயே மறுத்து பேசினாரு, அது தெரிஞ்ச கதை, விட்டுருவோம்.

நியூரானை முதல்ல ரெண்டா பிரிச்சது கோல்ஜி. நீள ஆக்ஸான் ஒரு வகை, குட்டை ஆக்ஸான் இன்னொரு வகை. நீளம் இயக்கத்துக்கு, குட்டை உணர்ச்சிக்குன்னு கூட ஒரு யோசனை வெச்சிருந்தாரு, அது எடுபடல. ஆனா பிரிவு நின்னுருச்சு. இந்த கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஸ்ட்ரையேட்டத்தை பாத்தா என்ன தெரியும்? ஸ்பைனி செல்லோட ஆக்ஸான் சோமா பக்கத்துலயே நெறைய கிளை விட்டு ஒரு புதர் மாதிரி பரவும், அது நல்லா கருப்பாகும். அந்த புதர்லேந்து தனியா பிரிஞ்சு ஊரை விட்டு வெளிய போற மெயின் கம்பி இருக்கு பாருங்க, அது சீவலுக்கு வெளிய போயிரும், இல்ல சாயம் ஏறாம நின்னுரும். சோ பாத்தவங்க என்ன எழுதினாங்க? குட்டை ஆக்ஸான், உள்ளூர் ஆளு. அப்ப ஸ்ட்ரையேட்டத்துலேந்து செய்தியை வெளிய கொண்டு போறது யாரு? யாராவது இருக்கணுமே. அந்த பெரிய செல்லுங்கதான்னு முடிவு பண்ணாங்க, பெருசா இருக்கு, அப்ப தூரமா போகும். 1970கள் வரைக்கும் இதை நம்பினவங்க நெறைய பேரு. கணக்கு போட்டுப் பாருங்க, நூத்துல 95 பேரு ஊருக்குள்ளயே பேசிட்டு இருக்காங்க, வெளியூருக்கு போற பஸ்ஸு ஒண்ணோ ரெண்டோ. மூளைல இவ்ளோ பெரிய இடத்தை அடைச்சுகிட்டு இருக்கற ஒரு கட்டிக்கு இது அநியாயமா தெரியல?

உண்மை தெரிஞ்சது சாயத்தை மாத்தினப்பதான். செல்லுலேந்து ஆக்ஸானை தேடிப் போறத விட்டுட்டு எதிர்பக்கத்துலேந்து வந்தாங்க. ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸ்னு ஒரு என்ஸைம், அதை ஆக்ஸான் போய் சேர்ற இடத்துல ஊசி போட்டா நரம்பு முனை அதை உறிஞ்சி சோமா வரைக்கும் திருப்பி தூக்கிட்டு வரும். லெட்டர் எங்க போகுதுன்னு பின்னாடியே ஓடாம, போய் சேந்த வீட்ல உக்காந்து கவர் மேல இருக்கற அனுப்புனர் அட்ரஸை பாக்கற மாதிரி. 1975ல குரோஃபோவாங்கற ஆய்வாளர் நடுமூளைல இருக்கற சப்ஸ்டான்ஷியா நைக்ராவுல அதை போட்டுட்டு ஸ்ட்ரையேட்டத்துக்கு வந்து பாத்தா, நிறம் ஏறி நின்னது நடுத்தர செல்லுங்க. 1979ல சொமோகியும் ஸ்மித்தும் இதையும் கோல்ஜி சாயத்தையும் ஒரே செல்லுல சேத்து, வெளிய போறவன் முள்ளுக்காரன்தான்னு உருவத்தோட காட்டிட்டாங்க. அடுத்த வருஷமே ப்ரெஸ்டன், பிஷப், கிட்டாய் மூணு பேரும் ஒரே செல்லுக்குள்ள சாயத்தை ஏத்தி ஆக்ஸான் வெளிய கிளம்பி போறதை நேரடியாவே பாத்தாங்க. அந்த பெரிய செல்லு? அது அசிடைல்கோலின் இன்டர்நியூரான்னு ஆயிருச்சு, சுத்தமான உள்ளூர் ஆளு. அப்படியே தலைகீழ். உள்ளூர்னு நெனச்ச 95 பேரும் வெளியூர் பஸ்ல, வெளியூர்னு நெனச்சவன் திண்ணைல.

இங்க ஒரு சின்ன விஷயம் சொல்லாம இருக்க முடியல. ஹார்ஸ்ராடிஷ்னா என்னன்னு லேப்ல ஒரு நாள் கேட்டப்ப ஒருத்தன் ரொம்ப தெளிவா "முருங்கைடா"ன்னான். நானும் கொஞ்ச நாள் நம்ம முருங்கைலேந்துதான் இந்த என்ஸைமை எடுக்கறாங்கன்னு பெருமையா நம்பிட்டு இருந்தேன். கெடையாது. ஹார்ஸ்ராடிஷ் ஐரோப்பால கெழங்கு மாதிரி தடிச்ச காரமான வேருள்ள ஒரு செடி, கடுகு குடும்பம். வெள்ளைக்காரங்க இங்க வந்து முருங்கை வேரை மோந்து பாத்துட்டு, அதே நெடி அடிக்குதேன்னு முருங்கைக்கு ஹார்ஸ்ராடிஷ் மரம்னு பேரு வெச்சுட்டு போயிட்டாங்க. மூக்கு வெச்ச பேரு. கண்ணு வெச்ச பேரு மட்டும் என்ன உசத்தி.

இப்ப நெறைய பேரு மீடியம் ஸ்பைனின்னு சொல்றதில்ல, ஸ்பைனி ப்ரொஜெக்ஷன் நியூரான்னு மாத்திட்டாங்க. எனக்கு இதுல ஒரு அல்ப திருப்தி. வெளிய போற செல்லுங்கறதை பேர்லயே ஏத்திட்டாங்க, இத்தனை வருஷம் தப்பா சொன்னதுக்கு பிராயச்சித்தம் மாதிரி. ஆனா முள்ளை விடல பாருங்க.

என் ஃப்ரெண்ட் ஒருத்தன், இப்ப சிங்கிள் செல் சீக்வென்ஸிங்ல இருக்கான், இந்த கதையை சொன்னா சிரிப்பான். "மச்சான், இதுக்குத்தான் சொல்றேன், இன்னும் படம் வரைஞ்சுகிட்டா இருப்பீங்க? செல்லை உடைச்சு ஆர்என்ஏவை படி, எந்த ஜீன் ஓடுதுன்னு அதுவே சொல்லும்"பான். அவன் சொல்றதுல நியாயம் இல்லாம இல்ல. ஸ்ட்ரையேட்டத்தோட முக்கியமான பிரிவையே உருவம் காட்டிக் குடுக்கல. ஸ்பைனி செல்லுலயே ரெண்டு கட்சி, டோபமைன்ங்கற ரசாயனத்தை புடிக்க டி1 ரிசெப்டர் வெச்சிருக்கறது நேர் வழில போகும், டி2 வெச்சிருக்கறது சுத்து வழில போகும், 1990ல கெர்ஃபனோட குழு அதை பளிச்சுன்னு பிரிச்சுக் காட்டுச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா அண்ணன் தம்பி இல்ல, ரெட்டைப் புள்ளைங்க. நான் ஸ்பைனி செல்லா வரைஞ்சு தள்ளினேன்னு சொன்னேனே, அதுல எது டி1 எது டி2ன்னு இன்னிக்கும் படத்தை பாத்து சொல்ல மாட்டேன். 2018ல சான்டர்ஸ் குழு சீக்வென்ஸிங்லயே மூணாவதா ஒரு ஸ்பைனி கூட்டத்தை புடிச்சாங்க, எக்சென்ட்ரிக்னு பேரு வெச்சாங்க, நூறு வருஷத்துக்கு மேல லென்ஸ்ல கண்ணை வெச்சு உக்காந்திருந்த எங்க ஆளுங்க ஒருத்தருக்கும் அது கண்ணுல படல. இதை அவன் எடுத்து விடும்போது நான் டீயை பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்.

ஆனா முழுசா ஒத்துக்கவும் மனசு வரல, அதுக்கு காரணம் பாசம் மட்டும் இல்ல. டி1 செல்லு மட்டும், இல்ல டி2 செல்லு மட்டும் பச்சையா மின்னற மாதிரி ஜீனை மாத்தின எலிங்க வந்ததுக்கு அப்புறம் எது டி1 எது டி2ன்னு முன்கூட்டியே தெரிஞ்சு வரைய முடிஞ்சுது, 2008ல கெர்ட்லர், சான், சர்மையர் மூணு பேரும் அப்படி வரைஞ்சு அளந்தப்பதான் டி1 செல்லுக்கு சோமாலேந்து கிளம்பற கிளையும் அதிகம், மொத்த நீளமும் அதிகம்னு தெரிஞ்சுது. டி2 செல்லு ஏன் கொஞ்சம் சீக்கிரமா ஸ்பைக்கு அடிக்குதுங்கறதுக்கு அதுல ஒரு விடை இருக்கு, மரம் சின்னது, அதே கரண்ட்டுக்கு வேகமா ஏறும். அதாவது உருவத்துல வித்தியாசம் இருந்துச்சு, எங்க கண்ணுக்கு அதை வெச்சு ஒவ்வொரு செல்லா பிரிக்கத்தான் தெரியல. அப்புறம் நோயை எடுத்துக்கோங்க. 1985ல கிரேவ்லாண்ட், வில்லியம்ஸ், டிஃபிக்லியா மூணு பேரும், ஸ்ட்ரையேட்டத்து செல்லுங்க செத்துப் போற ஹன்டிங்டன் நோய்ல இறந்தவங்க மூளைல கோல்ஜி சாயம் போட்டுப் பாத்தாங்க. நோய் நடுத்தரமா இருந்த மூளைல ஸ்பைனி செல்லோட கிளை நுனி எல்லாம் கொக்கி மாதிரி திரும்பி வளைஞ்சிருக்கு, முள்ளு சில இடத்துல கூடிருக்கு, முத்தின நோய்ல கிளை குட்டையாகி முள்ளு கொட்டிருக்கு. சாகறதுக்கு முன்னாடி அந்த செல்லு வளரப் பாத்திருக்கு. இதை ஜீன் லிஸ்ட்டா குடுத்திருந்தா எனக்கு ஒண்ணும் ஆகிருக்காது. அந்த வளைஞ்ச நுனி படத்தை பாத்துட்டு ரெண்டு நாள் வேற எதுவும் வரைய முடியல.

இன்னொண்ணும் சொல்றேன், ஃப்ரெண்ட் கோச்சுக்குவான். செல்லை உடைச்சு ஆர்என்ஏ படிக்கும்போதும் எல்லா ஆர்என்ஏவும் கைக்கு வர்றதில்ல, கம்மியா ஓடற ஜீன் பல சமயம் பூஜ்யம்னு வந்து நிக்கும், அவங்க ஊர்ல அதுக்கு ட்ராப்அவுட்னு பேரே இருக்கு. அவன் பூஜ்யத்தை பாத்து ஜீன் இல்லங்கறதும், நான் வழவழ கிளையை பாத்து முள்ளு இல்லன்னதும் எனக்கு ஒரே ரகமாதான் தெரியுது. அவங்களாவது அதுக்கு கணக்கு போட்டு சரி பண்ண பழகிட்டாங்க, ஒத்துக்கறேன், நான் பக்கத்துல உறுதின்னு எழுதிட்டு வீட்டுக்கு போனேன்.

லேபை விட்டு கிளம்பறதுக்கு முந்தின மாசம் என்னோட பழைய ஷீட்டை மொத்தமா எடுத்து உக்காந்தேன். "உறுதி" கட்டத்தை தூக்கிட்டு அந்த இடத்துல "எத்தனை மைக்ரான் வரைக்கும் தெரிஞ்சுது"ன்னு போட்டேன், ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியா, ஆக்ஸானுக்கு தனியா. "முள்ளு இல்லை" கட்டத்தை ரெண்டா உடைச்சேன். எல்லா ஸ்லைடையும் மறுபடியும் எடுத்து அளக்க மூணு வாரம் ஆச்சு, யாரும் கேக்காத வேலை, அக்கா ஒரு நாள் எட்டிப் பாத்துட்டு "காபி வேணுமா"ன்னு மட்டும் கேட்டாங்க. அளந்து முடிச்சா, நான் இன்டர்நியூரான்னு எழுதின செல்லுங்கள்ல இன்னும் ரெண்டு 25 மைக்ரானை தாண்டல. அந்த ரெண்டுக்கும் மின்சார பதிவு சரியா இல்ல, கேட்டுச் சொல்ல வேற யாரும் இல்ல. ரெண்டையும் எந்த பெட்டிலயும் போடாம விட்டுட்டு வந்தேன். ஷீட்ல அந்த கட்டம் ரெண்டும் காலியா இருக்கறதை பாத்துட்டு எனக்கு அப்புறம் சேந்த பையன் ஒரு நாள் மெஸேஜ் பண்ணான், "அண்ணா, 12யும் 44யும் ஃபில் பண்ண மறந்துட்டீங்க போல, நான் இன்டர்நியூரான்னு போட்டுறவா?"